மனைவி பேருக்கு மாற்றவும்

ஹில்டா: ...இந்தக் குளிர்ல மாடி ஜன்னல எதுக்குக் கண்ணு திறந்து போட்டிருக்க? மோர்கம் கடல்காத்து மொத்தமும் உங்க படுக்கையறைக்குள்ளதான் போகுது.

லோரெய்ன்: டெஸ்மண்டுக்குக் காத்து வேணுமாம்.

ஹில்டா: ஹீட்டர் போட மனசு வரலன்னு சொல்லு, நம்புறேன். பல் டாக்டர் பொண்டாட்டி, கோட்டு போட்டுக்கிட்டு சமையலறையில நிக்கிற.

லோரெய்ன்: கேலியை விடுங்க. டீ ஊத்தவா?

ஹில்டா: ஊத்து. பால முதல்ல ஊத்திடாத. காய்ச்சல் எப்படி அவருக்கு?

லோரெய்ன்: பரவால்ல. தூங்குறார்.

ஹில்டா: ஒரு வாரமாத் தூங்குறார்... உன் நாத்தனார் மியூரியல் நேத்து என்னைக் கூப்பிட்டா. அண்ணன் ஃபோனையே எடுக்கலையாம். இருக்காரா போயிட்டாரான்னு கேட்டா.

லோரெய்ன்: நீங்க என்ன சொன்னீங்க?

ஹில்டா: தினமும் காலைல குரல் கேக்குதே, நல்லாத்தான் இருக்கார்னேன். நம்மது ஒட்டு வீடு, நடுவுல ஒரே சுவர். அவர் தும்மினா எங்க வீட்டுப் பீங்கான் ஆடுது.

லோரெய்ன்: நல்லவேளை...

ஹில்டா: 'நான் டெஸ்மண்ட் ஹார்கிரீவ். என் சேமிப்ப என் மனைவி பேருக்கு மாத்துங்க.' எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

லோரெய்ன்: எல்லாம் வரிக்காகத்தான். அவர் பேர்ல இருந்தா ஒரு பவுண்டு வட்டிக்கு நாப்பது பென்னி போயிடுது. எனக்குச் சம்பாத்தியமே இல்ல. என் பேர்ல இருந்தா வரியே வராது.

ஹில்டா: எங்க வீட்டுக்காரரும் மாத்தினாரே, முன்னூறு பவுண்டு. கண்ண மூடற வரைக்கும் சொல்லிக் காட்டினார்.

லோரெய்ன்: அப்படிச் சொல்லக்கூடாது. வரிச் சட்டப்படி நிபந்தனை இல்லாமக் கொடுக்கணும். கொடுத்தது கொடுத்ததுதான்.

ஹில்டா: ஒரே நாள்ல மாத்தித் தொலைக்கிறதுதானே?

லோரெய்ன்: ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு பாங்க்ல வெச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அவர் குரலைக் கேட்டு, ஒத்துப்போனாத்தான் மாத்துவாங்க.

ஹில்டா: அதான்... அதே பேச்சு. 'சேமிப்ப'ன்னதும் அதே இருமல்.

லோரெய்ன்: காய்ச்சல்ல...

ஹில்டா: மனுஷன் தினமும் ஒரே எழுத்துலயா இருமுவான்?

லோரெய்ன்: உங்களுக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊத்தறேன்.

ஹில்டா: குடி. ஆறிடும்.

லோரெய்ன்: போன ஞாயித்துக்கிழமை. மதியம் இறைச்சி ரோஸ்ட் சாப்பிட்டுட்டு மாடிக்குப் போனார். போய்ப் பாத்தா, நாற்காலியில அப்படியே... நான் ஒண்ணும் செய்யல, ஹில்டா.

ஹில்டா: செஞ்சேன்னு நான் சொல்லலையே.

லோரெய்ன்: போன வருஷச் சண்டையில உயில மியூரியல் பேருக்கு எழுதிட்டார். இப்ப வரிய நினைச்சு என் பேருக்கு மாத்த ஆரம்பிச்சார். வரிக்காக மட்டும்தான்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னார். சனிக்கிழமை ஒரு நாள்தான் மாத்தினார். அவர் போனது வெளிய தெரிஞ்சா மிச்சமெல்லாம் அவளுக்கு. முப்பது வருஷம் இந்த வீட்டுல... எனக்கு என்ன மிஞ்சும்?

ஹில்டா: குரலுக்கு எங்க போன?

லோரெய்ன்: பாங்க்காரங்கள நம்பவே மாட்டார். பேசினதையெல்லாம் பதிவு பண்ணி வெப்பார். சனிக்கிழமை பேசினது இருந்துது. அதத்தான் ஃபோன்கிட்ட வெச்சேன்.

ஹில்டா: கெட்டிக்காரி.

லோரெய்ன்: நேத்தோட முடிஞ்சுது. எல்லாம் என் பேர்ல. இன்னிக்கு டாக்டரைக் கூப்பிடப் போறேன். நீங்க மட்டும் மியூரியல்கிட்ட...

ஹில்டா: எனக்கு வாய்தான் நீளம், மனசு கெட்டதில்ல. நேத்தோட முடிஞ்சுதுங்கிறியே, நிச்சயமா?

லோரெய்ன்: பதிவையும் நேத்தே அழிச்சுட்டேன்.

ஹில்டா: இன்னிக்குக் காலைல போடல?

லோரெய்ன்: எதப் போட? காலைல நான் வீட்டுலயே இல்ல, ரொட்டி வாங்கப் போயிருந்தேன். ஏன் ஹில்டா... ஏன் அப்படிப் பாக்குறீங்க?

ஹில்டா: அதக் கேக்கத்தான் கண்ணு வந்தேன். இன்னிக்கு ரொம்ப நேரம் பேசினார். 'சனிக்கிழமை பேசினது நான். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பேசினது நான் இல்ல'ன்னார். ஃபோன் ஸ்பீக்கர்ல பாங்க்காரப் பொண்ணு சொன்னதும் கேட்டுது... 'குரல் ஒத்துப்போகுது சார், எல்லாத்தையும் உங்க பேருக்கே திருப்பிடறோம்'னா.