பழைய கண்ணாடியில் இருந்த பொட்டுகள்

முன்பின் தெரியாத ஒருத்தி ஒட்டிவைத்த பொட்டைச் சுரண்டி எடுப்பது தப்பா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் ஒரு பெண், பழைய சாமான் கடையில் வாங்கிய ஆளுயர பீரோக் கண்ணாடியைப் பிடித்தபடி இருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணி.

“யார் ஒட்டின பொட்டோ. சொரண்டிட்டு ஊட்டுக்குள்ள எடுத்துக்கினு வா.”

“சொவத்துல மாட்டினா என் நெத்தியும் இங்கதான் வரும் அண்ணி. தெனம் அந்தம்மாகூட தல சீவிக்கலாம்.”

“அது உயிரோட கீதோ இன்னாவோ. பொண்ணு கீற ஊடு, வெளையாடாத.”

“கீழ பாரு, குட்டிப் பொட்டு. கொழந்த ஒட்டிகீது.”

அண்ணி குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

“சரி, மேல கீறத மட்டும் எடுத்துடு.”

“அம்மா இல்லாம அது மட்டும் எப்படி அண்ணி இருக்கும்?”

திருப்பதியில் அவர்கள் இறங்கியபோது கண்ணாடி நிறைய வானம் தெரிந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.