துலக்கிய பயனெட்

— முனையைப் பிடிச்சுத் தூக்காதீங்க தாயே, அது கேக் வெட்டற கத்தி இல்ல.

— கேலி பண்ணாதே வெர்னன். இதே மாதிரி துப்பாக்கி முனையில மாட்டற பயனெட் ஒண்ணு உன் கடையிலேர்ந்து எனக்கு உடனே வேணும். பதினாறு அங்குலம் இருக்கணும். நல்லாக் கறுத்துப் போயிருக்கணும்.

— இருபது வருஷமா ஓஹையோவில பழைய ஆயுதக் கண்காட்சி ஒண்ணு விடாம வீட்டுக்காரர் எல்மர் பின்னாடி காபியைத் தூக்கிட்டு வந்து, "இன்னொரு துருப்பிடிச்ச இரும்பா?"ன்னு அலுத்துக்கற டார்லீனா பேசறது?

— எல்மரோடதை நான் துலக்கிட்டேன்.

— எதை?

— இன்னிக்கு ரெண்டு மணிக்குப் போட்டியில வைக்கப் போறாரே, அந்த 1906. வியாழக்கிழமை அவர் முடி வெட்டிக்கப் போயிருந்தார். ஒத்தாசையா ஒரு நல்ல காரியம் செய்யலாமேன்னு...

— துலக்கறதுன்னா? துணியால தூசி தட்டினீங்களா?

— வெள்ளிச் சாமானுக்குப் போடற பசை. அதுல போகலை. அப்புறம் சின்க் தேய்க்கற பவுடர்.

— அதோட விட்டீங்களா?

— டிரில் மெஷின்ல பஞ்சு உருளை மாட்டினேன்.

— அடக் கடவுளே. உறையை நனைச்சீங்களா?

— சோப்புத் தண்ணியில ஊறப்போட இருந்தேன். அதுக்குள்ள வாசல்ல கார் சத்தம் கேட்டுது.

— அந்தக் காருக்குக் கோயில் கட்டணும். கித்தானுக்கு உள்ள மரம், தாயே. நனைஞ்சிருந்தா உப்பிப் போய் கத்தி அதுல நுழையவே நுழையாது.

— நேத்து ஒரு புத்தகத்துல பார்த்தேன். "துலக்காதே, துலக்காதே"ன்னு பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கு. அந்தக் கறுப்புதான் மதிப்பாமே. எனக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல. அவர் இன்னும் பெட்டியைத் திறக்கலை. உன்னோடதைக் கொடு, மாத்தி வெச்சுடறேன்.

— வைக்கலாம். ஆனா இதுல ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் வெட்டியிருக்கும். எல்மருக்குக் கல்யாண நாள் மறக்கும், அந்த நம்பர் மறக்காது.

— போன வருஷம் கல்யாண நாளும் மறந்துட்டார். ஐயோ, இப்ப நான் என்ன பண்ணுவேன்? பதினோரு வருஷம் தேடி அலைஞ்சு வாங்கினது வெர்னன்.

— கையில கொண்டு வந்திருக்கீங்களா? அந்தத் துண்டைப் பிரிங்க, பாக்கலாம்... ம்... ம்ம்.

— என்ன "ம்ம்"? சொல்லித் தொலையேன்.

— தாயே, இது எந்த வருஷம்னீங்க?

— 1906.

— அப்ப நீங்க எதுக்கு அழறீங்க? அந்த வருஷத்துக் கத்தியெல்லாம் ஆயுதசாலையை விட்டு வரும்போதே கண்ணாடியாட்டம்தான் மின்னும். மங்கல் பூச்சு, முதல் உலகப் போருக்கு அப்புறம் வந்த வழக்கம். சிப்பாய் கையில வாங்கினப்போ எப்படி இருந்துதோ, அப்படியே ஆக்கி வெச்சிருக்கீங்க.

— சத்தியமா?

— வேணும்னா அந்த மூலையில புத்தகம் விக்கறவரைக் கேளுங்க. முதல்ல செஞ்சதெல்லாம் பளபளப்புதான்னு அவரும் சொல்லுவார்.

— என் வயித்துல பாலை வார்த்தே வெர்னன்! நேத்திலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கலை. வாசல்ல சாசேஜ் சுடறான், எனக்கு ரெண்டு வேணும் இப்போ. உனக்கு?

— வெங்காயம் தூக்கலா ஒண்ணு. கத்தியை இங்கயே வெச்சுட்டுப் போங்க, நான் பெட்டியில சேர்த்துடறேன்.

— நீ நல்லா இருப்பே! வரேன்.

— போயிட்டாளா?

— போயிட்டாங்க. மேஜைக்கு அடியிலேர்ந்து எழுந்து வா எல்மர், முட்டி புடிச்சுக்கப் போகுது.

— ஏண்டா அவளை அவ்வளவு நேரம் கலங்க வெச்சே? காலையில கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து என்ன சொன்னேன்? அவ உன்கிட்டதான் ஓடி வருவா, கேட்டதும் ஆறுதலா நாலு வார்த்தை சொல்லுன்னுதானே?

— யாவாரம் தெரியாத ஆளுடா நீ. கேட்டதும் ஆறுதல் சொன்னா எவளும் நம்பமாட்டா. கொஞ்சம் இழுத்துத்தான் கொடுக்கணும். அதுவும் நான் சொன்னதுல பாதி நிஜம்.

— மீதிப் பாதி?

— பஞ்சு உருளை ஓடின இடத்தை எந்த நடுவரும் மன்னிக்க மாட்டான்.

— தெரியும். போட்டியிலேர்ந்து பேரை எடுத்தாச்சு.

— பதினோரு வருஷத் தேடல்! வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். வியாழக்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்ததும் உனக்கு வெறி வரலையா?

— உயிரே திரும்பி வந்துது. அவ அம்மா கொடுத்த இரும்புச் சட்டி தெரியும்ல? அறுபது வருஷம் எண்ணெய் குடிச்சுக் கறுத்தது. அது மேல சோப்பே படக்கூடாதும்பா.

— அதை ஏண்டா இப்ப இழுக்கறே?

— புதன்கிழமை அவளுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு அதைப் பாத்திரம் கழுவற மெஷின்ல போட்டுட்டேன். செங்கல் நிறத்துல வந்துது. சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கி கராஜ்ல ஒளிச்சு வெச்சிருக்கேன். நாளைக்குச் சாப்பிட வா வெர்னன். சட்டியும் பட்டறையை விட்டு வரும்போது வெள்ளையாத்தான் வந்துதுன்னு இதே முகத்தோட சொல்லிடு.