பால்டிவாலாவின் இடது கை

அச்சில் வருவதற்கு முன்பு பால்டிவாலா முப்பத்தெட்டு நாட்கள் உயிரோடு இருந்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு நீங்கள் கேட்ட குறிப்பை அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ப்ரியங்கா அக்கா. ஒரு பக்கம் போதும் என்றீர்கள். கொஞ்சம் கூடும்.

படக்கதையின் எட்டு இதழ்களையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடப்போகிறீர்கள். இந்த வாளிக்கார வில்லன் எப்படிப் பிறந்தான் என்று தீவு முழுக்கப் பிள்ளைகள் கேட்பதாகப் போனில் சொன்னீர்கள். அவர்கள் கேட்பது நியாயம். நான் இதுவரை அவனுக்கு மூன்று பிறப்புக் கதைகள் எழுதிவிட்டேன். முதல் இதழில் அவன் வெறும் சோம்பேறி. குழி வெட்டச் சலித்துக்கொண்டு கறிக்கழிவை ஓடையில் கொட்டுகிறான், முதலை வருகிறது. மூன்றாம் இதழில் அவன் வாளிக்குள் ஒரு முதலைமுட்டை பொரிந்து, குட்டி அவனைத் தாய் என்று நினைத்துக்கொள்கிறது. ஆறாம் இதழில், சின்ன வயதில் அவனைக் கடிக்காமல் விட்ட முதலைக்கு நன்றிக்கடனாகத்தான் அவன் தினமும் தீனி போடுகிறான். மூன்றையும் பிள்ளைகள் நம்பினார்கள். மூன்றிலும் அவனுக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது.

அவன் இப்போது என் கையை விட்டுப் போய்விட்டான். மாயாபந்தரில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் நான்கு பால்டிவாலாக்கள் ஒரே மேடையில் நின்றார்கள். கார் நிக்கோபாரிலிருந்து யாரோ அனுப்பிய படத்தில் அவனுக்குத் தேங்காய்நார் மீசை. வங்காளிப் பதிப்பில் தங்கப்பல் முளைத்தது. படகுத்துறை ஜெட்டிச் சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்கு வரைந்து, கீழே இந்தியில் எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். போன கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவுக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இத்தனையிலும் மாறாதவை மூன்று: கட்டம் போட்ட கைலி, வலது காதுக்குக் கீழே ஒரு மரு, நீல வாளி.

கைலியும் மருவும் இருதயநாதன் மாமாவுடையவை. வாளிக்குப் பிறகு வருகிறேன்.

நான் போர்ட் பிளேரில், டாலிகஞ்ச்சில் வளர்ந்தவள். விலங்கியல் படித்தேன். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது, வரைய வரும். முதலைக் கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்றபோது, ஆளில்லாத இடத்தில் தனியாக உட்காரும் வேலை என்பதால்தான் விண்ணப்பித்தேன். மாயாபந்தரில் ஓடைக்கரையில் ஒரு அறை கொடுத்தார்கள். உப்புத்தண்ணீர் ஓடை. இங்கே எல்லோருக்கும் அது நாலா. தண்ணீரில் ஒரு கம்பத்தை நட்டு, அடிக்கு அடி சிவப்பும் வெள்ளையும் பூசினேன். அதன் பக்கத்தில் முதலை வந்தால் படம் எடுத்து நீளம் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்து வாரம் ஒன்றும் வரவில்லை. தூரத்தில் ஒரு மூக்கு, இரண்டு கண், அதற்குள் மறைந்துவிடும். அட்டவணையில் கோடுகளாகப் போட்டுவந்தேன். போர்ட் பிளேரிலிருந்து என் மேலதிகாரி சண்முகம் சார் கூப்பிட்டு, "வரலன்னா வரலன்னு எழுதும்மா, அதுவும் டேட்டாதான்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அந்தத் தன்மையைத் தாங்க முடியவில்லை.

இருதயநாதன் மாமா பஜாரில் கோழிக்கடை வைத்திருந்தார். குளச்சல் பக்கத்துக்காரர். வந்து இருபத்தாறு வருடம். ஓடையில் கழிவு கொட்டக் கூடாது என்று பஞ்சாயத்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. கழிவை எங்கே புதைக்கிறார் என்று கடைக்காரர் காட்ட வேண்டும். அவருக்குச் சொந்தமாக நிலம் இல்லை. என் அறைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, நான் குழியில் போட்டு மூடிவிடுகிறேன், செடிக்கு எருவாகும் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். தினமும் காலை பத்தரைக்குக் குடல், தோல், கால்களைக் கட்டி வைத்திருப்பார். கேட்டு வாங்கக்கூட எனக்குக் கூச்சம். போய்க் கடையோரம் நிற்பேன். அவரே கூப்பிடுவார்.

"வா மக்ளே. பால்டிய நீட்டு. வாய் தொறந்தா பல்லா கொட்டிரும் ஒனக்கு?"

நான் வாளியை நீட்டுவேன். குளிப்பதற்கு வாங்கிய நீல வாளி. என் இடது கையில் பிடித்திருப்பேன்.

நான்காம் இதழ் வந்தபோது நீங்கள் கேட்டீர்கள், ஏன் இவன் எப்போதும் இடது கையிலேயே வாளி பிடிக்கிறான் என்று. வில்லன் அல்லவா, கொஞ்சம் வித்தியாசம் இருக்கட்டும் என்றேன். நல்ல யோசனை என்று பாராட்டினீர்கள்.

பின்கட்டில் குழி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

பதினோரு மணிக்குக் கம்பத்தடியில் கொட்டினேன். முதல் நான்கு நாள் நண்டுகள் தின்றன. ஐந்தாம் நாள் ஒன்று வந்தது. மூக்கில் வெட்டுத்தழும்பு, கம்பத்தின் கணக்கில் பன்னிரண்டு அடி. நான் அதைத் தொந்தரவு செய்யவில்லை. அதற்கு ஒரு நேரத்தையும் இடத்தையும் பழக்கினேன், அவ்வளவே. இரண்டாவது வாரத்தில் பத்தே முக்காலுக்கே வந்து காத்திருந்தது. மூன்றாவது வாரத்தில் என் காலடிச் சத்தத்துக்கு நகர்ந்தது. படங்கள் மிகத் தெளிவாக இருந்தன. சண்முகம் சார் அவற்றை மெயின்லேண்டுக்கு அனுப்பினார். இதுபோன்ற வரிசை இதுவரை யாரிடமும் இல்லை என்று பதில் வந்தது. அன்று நான் இரண்டு முறை அந்தக் கடிதத்தைப் படித்தேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் கருங்கல் படிகள் உண்டு. மீன் விற்கும் விஜயகுமாரி அக்கா சாயங்காலம் அங்கே வந்து மீன்பெட்டி கழுவுவார். சாயங்காலம்தான் வருவார். அதைக் குறித்து வைத்துத்தான் காலையைத் தேர்ந்தெடுத்தேன். கவனமாகத்தான் இருந்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முப்பத்தெட்டாம் நாள் படகு சீக்கிரம் வந்துவிட்டது. மீனும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. விஜயகுமாரி அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினோரு மணிக்கு வந்தார். அவருடைய பெட்டி ஓடைமுகத்தில் கிடைத்தது. அவர் மறுநாள் கிடைத்தார்.

முதலையை இந்த இடத்துக்கு எது பழக்கியது என்பதில் பஞ்சாயத்துக்குச் சந்தேகமே இல்லை. கம்பத்தடியில் கோழிக்கால்கள் கிடந்தன. பஜாரில் கோழிக்கடை ஒன்றுதான். மூன்றாம் நாள் மாமாவுக்கு நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"மக்ளே, நீ அந்தக் குழிய மட்டும் காட்டினா போரும். பஞ்சாயத்துக்காரன் வந்து தோண்டிப் பாத்துட்டுப் போட்டும். எனக்க கடையும் தப்பும், எனக்க பேரும் தப்பும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மழையில் மூடிப்போய்விட்டது மாமா, இடம் தெரியவில்லை என்றேன்.

அவர் என் பின்கட்டைப் பார்த்தார். இருபதடி நிலம். பாக்குமரம் ஒன்று, துணி காயப்போடும் கயிறு ஒன்று. நெடுநேரம் பார்த்தார். பிறகு நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி மக்ளே. தனியா கெடக்குற பிள்ள நீ. உம்பேர நான் எங்கயும் எடுக்க மாட்டேன்."

எடுக்கவும் இல்லை. அதை நான் ஒரு அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் உங்கள் போன் வந்தது. பள்ளிகளுக்கு ஒரு படக்கதை வேண்டும், கழிவு கொட்டினால் முதலை வரும் என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், நீ வரைவாய் என்று சண்முகம் சார் சொன்னார் என்றீர்கள். பதினோரு நாளில் முடித்தேன். வில்லனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கை தானாக அங்கே போனது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மரு தானாக வராது. பென்சிலில் குறித்து, இடம் சரிபார்த்து, பிறகு மையில் வைத்தேன். ஊருக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் வேறு முகத்தைத் தேடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் இதழ் வந்த அன்று மாமா அதைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். சிரிக்கத்தான் செய்தார்.

"எனக்க மருவையும் விடல்ல பாத்தியா. மீசைய மட்டும் கொஞ்சம் ஒதுக்கி விட்டிருக்கலாம்."

நான் குனிந்து பென்சிலைச் சீவினேன். எனக்குப் பேச வராது என்று அவருக்கும் தெரியும்.

பிள்ளைகள்தான் முதலில் அவரைப் பால்டிவாலா என்று கூப்பிட்டார்கள். விளையாட்டாகத்தான். பிறகு பெரியவர்கள் கோழி வாங்கப் பக்கத்து ஊருக்குப் போனார்கள். கோயிலில் அவர் மனைவி கிரேசி அக்கா உட்காரும் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. விஜயகுமாரி அக்காவின் கணவர் ராபின் ஒருநாள் கடைக்கு முன்னால் வந்து நின்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. கடை சாத்தும்வரை நின்றுவிட்டுப் போனார். மறுநாள் மாமா கடையைத் திறக்கவில்லை.

மாமாவும் கிரேசி அக்காவும் மெயின்லேண்டுக்குப் போக இங்கிருந்து படகேறிய காலையில் நான் ஜெட்டியில் இருந்தேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சுவரில் இருந்த படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பால்டிவாலா, டாடா" என்று கத்தினார்கள். அவர்களுக்கு அவன்மேல் பாசம்தான். கிரேசி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா கையை ஆட்டினார். வலது கை.

பிறகும் நான் ஏழு இதழ்கள் வரைந்தேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: வாளி என்னுடையது. கொட்டியது நான். இதைப் புத்தகத்தில் போடுங்கள், மருவை எடுத்துவிடுங்கள். பஞ்சாயத்துக்கும் ராபினுக்கும் மாமாவுக்கும் இதன் பிரதியைத் தனித்தனியாக அனுப்புகிறேன். இதுவரை எழுதியதைச் சுமந்துகொண்டும் எனக்கு ஓரளவு தூக்கம் வந்தது. தவறு, அறியாமை, ஆசை என்று அதற்குப் பெயர் வைக்கலாம்.

அந்தக் கடைசி நாளைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். பதினோரு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், என் குரல் அவ்வளவு தூரம் எட்டியிருக்காது என்று சொல்லியிருப்பேன். எனக்கே இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிவந்தேன். போன வாரம் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். நான் நின்ற கண்டல்மரத்திலிருந்து படிவரை அளந்தேன். இருபத்திரண்டு அடி.

வாளி நிறைந்து என் கையில் இருந்தது. கவிழ்த்திருந்தால்கூடப் போதும், முதலை என் பக்கம் திரும்பியிருக்கும். கூப்பிட்டிருந்தால் விஜயகுமாரி அக்கா நின்றிருப்பார். நின்று, திரும்பி, வாளியைப் பார்த்திருப்பார்.

அவர் படியிறங்குவதைப் பார்த்தேன். தழும்பு மூக்கு தண்ணீருக்குள் போவதையும் பார்த்தேன். நான் அவரைக் கூப்பிடவில்லை.