புளிச்ச தண்ணி

சாவியத் தர மாட்டேண்ணே. கைய முறுக்கினாலும் சரி. உள்ள கிடக்கறது உங்க தம்பிதான், தெரியும். இந்தக் கண்ணாடி வழியா பாருங்க, நெஞ்சு ஏறி எறங்குது. மூச்சு இருக்கு.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் கெளம்பி வந்துக்கிட்டிருக்கு. மூச்சுக்காத்து சிலிண்டர் மாட்டினவங்கதான் உள்ள போகணும். அந்தப் பக்க ஜன்னலெல்லாம் நாந்தான் ஒடச்சேன், விஷக்காத்து வெளிய போகட்டும்னு. ஈரத்துணியா? அதுக்கெல்லாம் இது அடங்காதுண்ணே.

என்ன விஷமா? நில்லுங்க, சொல்றேன். தங்கம் பிரிச்செடுக்க, பழைய கம்ப்யூட்டர் பலகையப் பொடியாக்கி மொதத் தொட்டியில போடுவோம். அதுல கறுப்புப் பூஞ்சை வளக்கறோம், ரொட்டி கெட்டா பூக்குமே, அந்த மாதிரி. சக்கரைத் தண்ணியத் தின்னுட்டு புளிப்பா ஒண்ணு கக்கும். செம்பு, நிக்கல் எல்லாம் அந்தப் புளிப்புலயே கரைஞ்சு வந்துடும். தங்கம் மட்டும் அசையாது. அதுக்குத்தான் ரெண்டாவது தொட்டி. அதுல இருக்கற கிருமி வேற ரகம், தங்கத்தக் கரைக்கற சயனைடு விடும். ஆமா, நீங்க நெனைக்கற அதேதான். தண்ணியில அடங்கிக் கிடக்கும். புளிப்பு பட்டுச்சோ, காத்தாக் கெளம்பிடும்.

கரண்டு போயி, காத்த வெளிய இழுக்கற ஃபேன் நின்னுடுச்சு. அந்த நேரம் பாத்து மொதத் தொட்டிக் குழாய் பிச்சுக்கிச்சு. புளிச்ச தண்ணி பூரா அடுத்த தொட்டியில எறங்கிடுச்சு.

உங்க தம்பி என்கூட வெளியிலதான் நின்னார். குழாய மூடப் போன ஆள் தொட்டிக்குப் பின்னாடி விழுந்ததப் பாத்ததும் உள்ள ஓடினார். சட்டையப் பிடிச்சு இழுத்தேன், கிழிஞ்ச துணிதான் கையில நின்னுச்சு. பாதி தூரம் போயி சரிஞ்சுட்டார். அதனாலதான் பூட்டினேன். அடுத்தது நீங்களும் விழணுமா?

வண்டி வந்துடுச்சு. கைய விடுங்க, தெறக்கறேன். நீங்க இங்கயே நில்லுங்க... உள்ள போயிட்டாங்க. எட்டிப் பாக்காதீங்கண்ணே, பின்னாடி வாங்க.

தூக்கிட்டாங்க, பாருங்க. இருமறார். கண்ணு தெறக்குது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. ஆம்புலன்சுல நீங்களும் ஏறிக்கோங்க.

நான் வரலண்ணே. குழாய மூடப் போனவ இன்னும் உள்ளதான் இருக்கா. தொட்டிக்குப் பின்னாடி, இங்கேருந்து தெரியாது. கிட்ட கிடக்கறவரத்தான மொதல்ல தூக்குவாங்க.

ஆமாண்ணே, எம் பொண்ணுதான். நீங்க ஏறுங்க.