வலை பொருத்தப்பட்டது

சோடாவில் பொங்கும் வாயுவைத் தண்ணீரில் கழுவித்தான் சிலிண்டரில் அடைக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது, ஐயா. கழுவிய வாயுவோடு நீர்த்துளிகளும் வரும். அவற்றைப் பிடிக்க ஒரு தொட்டி உண்டு. அதன் உச்சியில் மெத்தை மாதிரி எஃகுக் கம்பி வலை. துளிகள் வலையில் தங்கிக் கீழே சொட்டிவிடும், வாயு மட்டும் அதை அமுக்கும் கம்ப்ரஸருக்குப் போகும். திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த எங்கள் ஆலையில் அந்த வலைக்குப் பொறுப்பு நான்.

1997 மே மாதம் பழைய வலையைக் கழற்றினோம். புதியது ஒரு சாண் சின்னதாக வந்திருந்தது. அளவு கொடுத்தவன் நான். ஏற்கெனவே ஒரு தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். இன்னொன்று என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் மனைவி பிரபாவதிக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், கம்பெனிச் செலவில். வேலை போனால் அவள் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டாள். ‘வலை பொருத்தப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வெறும் தொட்டியை நானே மூடினேன். சரியான வலை வரும்வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை கம்ப்ரஸர் கடகடவென்று தட்டியது. ஆபரேட்டர் வெங்கடேசன் ஓடி வந்தான்.

“சார், உள்ள தண்ணி பூந்துகினு கீது போல. நிறுத்திடட்டுமா?”

தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் தொட்டியைத் திறப்பார்கள்.

“மொதல்ல காது வச்சுப் பாரு” என்றேன்.

நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது எங்கள் வழக்கம். அவன் குனிந்து கேட்டான். நிறுத்தும் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். வாயுவை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கம்ப்ரஸரின் சிலிண்டர் மூடி பிய்த்துக்கொண்டு வந்து அவன் தலையில் அடித்தது. அங்கேயே இறந்துபோனான்.

மணிக்கொரு தரம் தொட்டித் தண்ணீரை வடிப்பது ஆபரேட்டர் வேலை. வெங்கடேசன் வடிக்க மறந்துவிட்டான் என்று அறிக்கை எழுதினேன். அவனுக்கு இனி வேலை போகப்போவதில்லை. அதன்பின் யாரும் தொட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

பிரபாவதி இன்னும் ஆறு வருடம் இருந்தாள். போன மாதம் போய்விட்டாள். இனிமேல் எனக்கு எந்த வேலையும் தேவையில்லை, அதனால் சொல்கிறேன்.

துக்கம் கேட்க வெங்கடேசன் மனைவி விஜயகுமாரி வந்திருந்தாள். “எங்க வூட்டுக்காரரு அன்னிக்கு மறந்ததால உங்களுக்கும் எவ்ளோ பேஜாரு சார். அவர மன்னிச்சுடுங்க” என்று அழுதாள்.

மன்னித்துவிட்டேன் என்றேன். உண்மையில் எனக்கு அவன்மேல் எப்போதுமே கோபம் இருந்ததில்லை.