மிச்சம் வைக்காத தட்டு

ஐயோ, வேண்டாங்க டீச்சர். மத்த அப்பா அம்மாங்க முன்னாடி எழுந்து நின்னு பேசுற அளவுக்கு நான் ஒண்ணும் கிழிச்சிடல. பாப்பாவுக்கு இந்த மாசம் எடை ஏறலன்னு சொன்னீங்க பாருங்க, வயித்துல பால வார்த்தீங்க. அது போதும். எப்படி நின்னுச்சு, என்ன பண்ணீங்கன்னு மைக்கக் கையில குடுத்துக் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் நான். லிஃப்ட் ஏன் பாதியில நிக்குதுன்னு கேளுங்க, விடிய விடிய சொல்றேன்.

இல்லீங்க. ஓட்டமும் கெடையாது, சைக்கிளும் கெடையாது. சத்தியமா.

பாப்பா வெளியதான இருக்கா? ம்... அந்தப் பிளாஸ்டிக் காய்கறியெல்லாம் அடுக்கி வெச்சுட்டிருக்கா. சரி. கதவக் கொஞ்சம் சாத்திக்கட்டுமா?

எடை கொறைக்கிற இந்த வகுப்புக்கு மொதல் தடவ வந்தப்ப நீங்க ஒண்ணு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? வீட்டுல ஒளிச்சு வெச்சு எதாவது திங்கிறாளான்னு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. ஏழு வயசுப் புள்ளையப் போய் திருடி மாதிரி கேக்குறாங்களேன்னு. ஆனா வீட்டுக்குப் போய் தேடினேங்க. ஸ்கூல் பை, தலகாணி அடி, பொம்மை டப்பா, எல்லாத்தையும். ஒரு பிஸ்கட் தூள் கூட இல்ல.

நீங்க சொல்றத அவ மாதிரி கேக்குற புள்ள இருக்காதுங்க. தட்டுல பாதி காய் இருக்கணும்னு சொன்னீங்கள்ல, எங்க வீட்டுல எல்லாத் தட்டையும் எட்டிப் பாப்பா. நான் டீயில ரெண்டாவது ஸ்பூன் சக்கரை போடப் போனா, இடுப்புல கை வெச்சுட்டு முன்னாடி வந்து நிப்பா. அப்பா, இது உடம்புக்குத் தேவையா, நாக்குக்குத் தேவையான்னு. நான் நாக்குக்குத்தான்டின்னா, அப்ப நாக்குகிட்ட சொல்லிடுங்கன்னு ஸ்பூனப் புடுங்கிட்டுப் போயிடுவா. ஆமாங்க, சிரிப்புதான். ஆனா இங்க வந்து தராசுல ஏறினா முள்ளு மேல மேலதான் போச்சு.

எங்க கட்டடத்துப் புள்ளைங்க வேற. இவ லிஃப்ட்ல கால வெச்சா எல்லாம் சேந்து டிங் டிங்னு வாயாலயே மணி அடிக்கும். ஓவர்லோடாம். நான் வேல பாக்குற லிஃப்ட்டுங்க அது! ஒரு ஞாயித்துக்கிழமை அவள மட்டும் உள்ள ஏத்தி, பாரு, இது உன்ன மாதிரி பத்துப் பேரத் தூக்கும், மணி அடிக்குதான்னு கேளுன்னு மொட்ட மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். அவ கேட்டுக்கிட்டா. மறுநாள் பாத்தா படியில ஏறி வர்றா.

இருங்க, விஷயத்துக்கு வரேன்.

சின்னவனப் பத்தி உங்ககிட்ட சொன்னதில்லல்ல? இவளுக்கு ஒரு தம்பி. நாலு வயசுப் பய. ரத்தத்துல ஏதோ கோளாறு. மருந்து குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப் போச்சு, எதக் குடுத்தாலும் மூஞ்சத் திருப்பிக்குவான். அவங்கம்மா ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்சுவா, பாடுவா, கடைசில தட்ட வெச்சுட்டு அழுவா. அப்பதான் ஒரு நாள் இவ, குடும்மா நான் ஊட்டுறேன்னு தட்ட வாங்கிட்டு உள் ரூமுக்குப் போயிருக்கா. கொஞ்ச நேரத்துல தட்டு காலியா வந்துச்சு. எங்க வீட்டுக்காரிக்கு எப்படி இருந்திருக்கும்! அக்கா ஊட்டினாத்தான் சாப்பிடுறான்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொன்னா. எனக்கும் சந்தோஷம்தான். நான் வீட்டுக்கு வர்றப்ப புள்ளைங்க தூங்கிடும், நான் எங்க பாத்தேன்?

போன மாசம் நீங்க ஒரு வெளையாட்டு சொல்லிக் குடுத்தீங்க. வயித்துமேல கை வெச்சு, பசிக்குதா, போதுமான்னு வயித்தயே கேக்கணும்னு. அன்னிக்கு வண்டியில போறப்ப பின்னாடி உக்காந்துக்கிட்டுக் கேக்குறா. அப்பா, வயிறு போதும்னு சொன்னா நிறுத்திடணுமா? ஆமாம்மான்னேன். தட்டுல மிச்சம் இருந்தா? இருந்தா இருக்கட்டும்னேன். அப்பறம் சொல்றா, மிச்சம் இருந்தா அம்மா அழுவாங்களேப்பான்னு.

என்னமோ உறுத்துச்சு. வண்டிய ஓரங்கட்டிட்டு என்னடான்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டா.

அதுக்கு மறுநாள் சைட்டுல கரண்ட் இல்ல, சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டேன். பாப்பா சாப்பிட்டு முடிச்சிருந்தா. நீங்க சொன்ன அளவுதான், நீங்க சொன்ன காய்தான். அவங்கம்மா இன்னொரு தட்டுல போட்டு நீட்டினா. இவ வாங்கிட்டு உள் ரூமுக்குப் போயி கதவ சாத்திக்கிட்டா. நான் கை கால் கழுவிட்டு மெதுவா கதவத் தெறந்து பாக்குறேன்... கட்டில் பக்கத்துல தரையில உக்காந்திருக்காங்க. ஒரு கை வயித்துமேல. இன்னொரு கையால அள்ளி அள்ளி வாயில வெக்கிறா. முழுங்க முடியல. கண்ணுல தண்ணி ஊத்துது.

என்னப் பாத்ததும் பயந்துட்டா. அம்மாகிட்ட சொல்லாதப்பா, தட்டு காலியா வந்தாத்தான் அம்மா சிரிக்கிறாங்கன்னா.

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. அவ பக்கத்துல உக்காந்து, தட்ட வாங்கி, மிச்சத்த நான் சாப்பிட்டேன். அது எறங்குச்சான்னு கேக்காதீங்க. தட்ட எடுத்துட்டு வெளிய வந்தா அவங்கம்மா பாத்துட்டு, எல்லாத்தையும் சாப்பிட்டுட்டானான்னா. பாப்பா என் மூஞ்சப் பாக்குறா. நான்தான் சொன்னேன், சாப்பிட்டான்னு. அவங்கம்மா சிரிச்சுக்கிட்டே தட்டக் கழுவப் போனா.

அதுலேருந்து காலை ஷிஃப்ட் மாத்தி வாங்கிட்டேன். ராத்திரி தட்ட நான் வாங்கிட்டு உள்ள போறேன். அவ்ளோதாங்க டீச்சர் உங்க வைத்தியம். புள்ளைக்கு ஏற வேண்டியது எனக்கு ஏறுது, பாருங்க, பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கேன். இத மைக்குல சொல்லச் சொல்றீங்களா?

அவங்கம்மாகிட்ட சொல்லிடலாம்னுதாங்க தெனமும் நெனைக்கிறேன். சமையல்கட்டு வரைக்கும் போறேன். அவ திரும்பிப் பாத்ததும் குடிக்கத் தண்ணி குடுன்னு கேட்டுட்டு வந்துடுறேன். அவ வீட்ட விட்டு எறங்கியே ரொம்ப நாளாச்சு. இல்லன்னா அவளே வந்திருப்பாளே இங்க.

என்னங்க? அவனையா? ஓ... சரியா சாப்பிடாத புள்ளைங்களுக்கும் தனியா வகுப்பு இருக்கா. நல்லதுங்க. நீங்க கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்.

அவன் இல்லீங்க டீச்சர். போன வருஷமே போயிட்டான். நான் கதவத் தெறந்து பாத்தது போன மாசங்க; அவன் போனப்பறமும் அவங்கம்மா தெனமும் அவனுக்குத் தட்டுல போட்டுக் குடுக்குறா. அவங்கம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வந்தா நீங்க கொஞ்சம் பேசிப் பாப்பீங்களான்னு கேக்கத்தான் இவ்வளவு நேரம் வளவளன்னுட்டிருக்கேன்.