மாட்டிக் காட்டணும்

– இடது பக்கம் சரியா உக்காரலைன்னு சொன்னேன்ல. கேட்டாத்தானே.

– உக்காந்துடுச்சு. இரும்புப் பின் போடற ஓட்டைதான் ஒரு விரல் தள்ளி நிக்குது.

– ஒரு விரல் தள்ளி நின்னா உக்காரலைன்னுதாங்க அர்த்தம்.

– பதினாறு வருஷமா இந்த டிராக்டருக்கு அடியில புல்வெட்டற டெக்கை மாட்டறவன் நான். நீ நேத்து வந்தவ.

– நேத்து வந்தவதான் இதைக் கழட்டினேன். நீங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னீங்க.

– கழட்டறது யாருக்கும் வரும். மாட்டறதுலதான் இருக்கு விஷயம்.

– அப்ப மாட்டுங்க. இன்னும் அரை மணி நேரத்துல மேனேஜர் வந்து நிப்பார்.

– அதை ஏன் ஞாபகப்படுத்தறே? ஆபரேஷன் ஆன தோளோட தனியா மாட்டிக் காட்டினா வேலை, இல்லைன்னா வீடு. எனக்குத் தெரியாதா?

– தெரிஞ்சா எதுக்குக் கத்தறீங்க?

– கத்தாம? கையைத் தூக்கறேன், வரமாட்டேங்குது. மைதானத்துல புல் முட்டி வரைக்கும் நிக்குது. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இந்த டெக்கைத் தூக்கிக் குளத்துல போடணும் போல இருக்கு.

– தூக்க முடிஞ்சா மாட்டியே இருக்கலாமே. நகருங்க, நான் படுத்துப் பார்க்கறேன்.

– நல்ல துணியோட படுக்காதே, கிரீஸ்.

– துவைக்கப் போறதும் நான்தான். நகருங்க.

– என்ன தெரியுது?

– டெக்கை ஏத்தி இறக்கற ஹைட்ராலிக் லீவர் பாதியில நிக்குது, அது தெரியுது. முழுசாக் கீழே தள்ளுங்க. இடது கை போதும்.

– தள்ளிட்டேன்.

– ம், இப்ப இறங்குது. காலால ஒரு உதை விடறேன். வந்துடுச்சு. பின்னைக் குடுங்க.

– டெக்கை யாராவது காலால உதைப்பாங்களா?

– நூறு கிலோவைக் கையால தள்ளித்தானே உங்க தோள் போச்சு. அடியில சாக்கு விரிச்சிருக்கேன், சறுக்கிக்கிட்டு வருது. பின் போட்டாச்சு. இனி இன்ஜினையும் டெக்கையும் சேர்க்கற ஷாஃப்ட்டு.

– அது உன்னால ஆகாது. அது முனையில இருக்கற காலர் வளையத்தைப் பின்னால இழுத்துப் பிடிச்சுக்கிட்டே பல்லோட பல் சேரணும். கண்ணுக்கும் தெரியாது.

– கண்ணு எதுக்கு, விரலுக்குத் தெரியுதே. கொஞ்சம் திருப்பறேன். பேசாம இருங்க, சத்தம் கேக்கணும்.

– கேட்டுச்சா?

– டிக்குனு விழுந்துச்சு. இழுத்துப் பார்த்தேன், வரலை.

– இந்த ஷாஃப்ட்டு எனக்குப் பழக மூணு மாசம் ஆச்சு. எரிச்சலா இருக்கு.

– என் மேலயா?

– என் தோள் மேல. உன் மேலயும் கொஞ்சம்.

– அப்புறமா எரிச்சல் படலாம். அங்க அவர் வர்றார். கையைக் காட்டுங்க, என் கிரீஸைத் தடவி விடறேன். நீங்கதான் மாட்டினீங்க, ஞாபகம் இருக்கட்டும்.

– என்னப்பா, தோள் எப்படி இருக்கு? அட, வீட்டுக்காரம்மாவும் வந்திருக்காங்களா?

– சாப்பாடு கொண்டாந்தேன் சார். டெக்கை அவரே தனியா மாட்டிட்டார், பாருங்க.

– பார்த்தேன்மா, சந்தோஷம். தப்பா நினைக்கக்கூடாது, நாளைக்கு ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க. கழட்டிட்டு என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை மாட்டிடட்டும்.

– இப்பதானே சார் முடிச்சார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்.

– தாராளமா. எனக்கு அவசரமில்லை, இருக்கேன்.

– ஏங்க, சார்கிட்ட ஏதாவது சொல்லுங்க.

– சொல்றேன். சார், டெக்கு இருக்கட்டும், காலையில சட்டையையே இவதான் போட்டு விட்டா. கழட்டி மாட்டறதை இவ காட்டுவா, நல்லாப் பாருங்க. வேலைக்கு வந்திருக்கறது இவ. நான் துணைக்கு வந்தவன்.